டப்பாவில் வருமா எதிர்ப்பு சக்தி?

(பாடியில் நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருவலிதாயம் என்று சம்பந்தர் பாடிய ஊர் இது. லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் என்று தொழிற்சாலைகள் எழுந்த ஊரும் இதுதான். உடம்பை வைத்துப் பிழைப்பவர்கள் நிறைந்த ஊரில், உடம்பைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள். உழைக்கிறவர்களுக்கு உடம்பின் அருமையும் தெரியும். ரூபாயின் அருமையும் தெரியும். இன்றைக்கு இரண்டையும் சேர்த்தே பேசப் போகிறேன்.

கொரோனா வந்து போன பிறகு நம் வீடுகளுக்குள் ஒரு சொல் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. எதிர்ப்பு சக்தி. பிஸ்கட்டில் எதிர்ப்பு சக்தி, சத்துமாவில் எதிர்ப்பு சக்தி, மிட்டாயில்கூட எதிர்ப்பு சக்தி. அந்த வரிசையில் இப்போது மருந்துக்கடை அலமாரியில் கண்ணுக்கு நேராக இரண்டு டப்பாக்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று, மாட்டின் சீம்பாலைப் பொடியாக்கி அடைத்தது. இன்னொன்று, மாட்டுத் தோல், மீன் தோல், மீன் செதில் போன்றவற்றிலிருந்து எடுத்த கொலாஜன் பொடி. ‘தினமும் ஒரு ஸ்பூன், சளி வராது, காய்ச்சல் வராது, மூட்டு வலிக்காது, முகம் சுருங்காது’ என்று சொல்லி விற்கிறார்கள். மாதத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவு.

வாங்கலாமா, வேண்டாமா? இதுதான் இன்றைய பொருள்.

அதற்கு நான் மூன்று கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். நீங்களும் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு? எப்போது? என்ன சாட்சி? எந்தச் சத்துப் பொருளை யார் கொண்டுவந்து நீட்டினாலும் இந்த மூன்றையும் கேளுங்கள். யாருக்கு? எப்போது? என்ன சாட்சி?

முதலில் சீம்பாலுக்கு வருவோம்.

இந்தக் கூட்டத்தில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குச் சீம்பாலை நான் விளக்க வேண்டியதில்லை. மாடு கன்று போட்டால் அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் ஒரு சொம்பு சீம்பால் போகும். வெல்லம் தட்டிப் போட்டு, ஏலக்காய் நசுக்கிப் போட்டு, ஆவியில் வேகவைத்தால் கட்டியாக உறைந்துவிடும். துண்டு போட்டுச் சாப்பிடலாம். சில ஊர்களில் கடும்பு என்பார்கள். பாடியும் கொரட்டூரும் அம்பத்தூரும் வயலும் ஏரியுமாக இருந்த காலத்தில் இங்கேயும் அந்தச் சொம்பு வீடு வீடாகப் போயிருக்கும்.

சாதாரணப் பால் காய்ச்சினால் பொங்குகிறது. சீம்பால் மட்டும் ஏன் கட்டியாகிறது? அதில் புரதம் அவ்வளவு அதிகம். அந்தப் புரதத்தில் பெரும்பங்கு எதிர்ப்புப் புரதங்கள். பசுவின் முதல் கறவையில் ஒரு லிட்டருக்கு 50 கிராம் அளவுக்கும் அதற்கு மேலும் இந்த எதிர்ப்புப் புரதம் இருக்கலாம். சில நாட்களில் அது மளமளவென்று குறைந்து, பால் சாதாரணப் பாலாகிவிடும்.

இயற்கை ஏன் இப்படிக் கொட்டிக் கொடுக்கிறது? இங்கேதான் நம் முதல் கேள்வி. யாருக்கு?

கன்றுக்கு, நண்பர்களே, கன்றுக்கு! பசுவின் நஞ்சுக்கொடி கெட்டியான சுவர். தாயின் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புப் புரதம் அதைத் தாண்டி வயிற்றில் இருக்கும் கன்றுக்குப் போகாது. ஆகவே கன்று பிறக்கும்போது அதன் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் ஏறக்குறைய எதுவுமே இல்லை. சாணமும் சேறும் கிருமியும் நிறைந்த தொழுவத்தில் அது வெறுங்கையோடு வந்து விழுகிறது. அதனிடம் இருக்கும் ஒரே காப்பு, தாயின் மடியில் இருக்கும் முதல் பால்.

அடுத்த கேள்வி. எப்போது?

பிறந்த சில மணி நேரத்துக்குள். கன்றின் குடல் அந்தச் சமயத்தில் மட்டும் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. எதிர்ப்புப் புரதம் சிதையாமல், முழுசாக, குடல் வழியே ரத்தத்துக்குள் போய்ச் சேரும். மணிக்கு மணி அந்தக் கதவு சாத்திக்கொண்டே வரும். 24 மணி நேரத்தில் ஏறக்குறைய முழுக்க மூடிவிடும். அதனால்தான் கால்நடை மருத்துவர்கள், கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சீம்பாலை முதல் சில மணி நேரத்திலேயே குடிக்க விடுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்கிறார்கள். மறுநாள் எத்தனை குடம் கொடுத்தாலும் அந்தப் பலன் வராது.

யாருக்கு? கன்றுக்கு. எப்போது? முதல் நாளில். இப்போது சொல்லுங்கள், 45 வயதில், காலைக் காப்பிக்கு முன்னால், வெந்நீரில் கலக்கிக் குடிக்கும் நம் குடலில் அந்தக் கதவு திறந்திருக்குமா? அது நாம் பிறந்த காலத்திலேயே மூடியாகிவிட்டது. நம் வயிற்று அமிலமும் செரிமான நொதிகளும் அந்தப் புரதத்தில் பெரும்பகுதியை உடைத்துவிடுகின்றன. ஒரு பகுதி தப்பிக் குடல்வரை போகலாம். ஆனால் ரத்தத்தில் ஏறி, நமக்காகப் போராடும் படையாக அது மாறுவதில்லை.

‘அப்படியானால் சீம்பால் பொடிக்கு ஒரு பயனும் இல்லையா?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இருப்பதை இருக்கிறது என்று சொல்லத்தான் வேண்டும்.

வயிற்றுப்போக்கை உண்டாக்கும் குறிப்பிட்ட கிருமிக்கு எதிராகப் பசுவுக்குத் தடுப்பூசி போட்டு, அந்தப் பசுவின் சீம்பாலை எடுத்துப் பயன்படுத்தும் முறை ஒன்று உண்டு. அந்த எதிர்ப்புப் புரதம் குடலுக்குள்ளேயே நின்று கிருமியைப் பிடிக்கும். வெளிநாட்டுப் பயணிகளுக்கு வரும் வயிற்றுப்போக்கைத் தடுக்க ஆஸ்திரேலியாவில் அப்படி ஒரு தயாரிப்பு விற்பனையில் இருக்கிறது. இது குறிப்பிட்ட வேலைக்கென்று செய்த பொருள். ‘எல்லா நோய்க்கும் எதிர்ப்பு சக்தி’ என்று விற்கும் டப்பா வேறு, இது வேறு.

இரண்டாவது, கடுமையாகப் பயிற்சி செய்யும் விளையாட்டு வீரர்களுக்குச் சீம்பால் பொடி கொடுத்துப் பார்த்த சில சிறு ஆய்வுகள் உண்டு. சளித் தொல்லை கொஞ்சம் குறைந்ததாக அவற்றில் சில சொல்கின்றன. சிறிய ஆய்வுகள், சிலநூறு பேரைத் தாண்டாதவை. அதே விளையாட்டு வீரர்களுக்கு உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு என்ன சொல்கிறது தெரியுமா? சீம்பாலைத் தடை செய்யவில்லை. ஆனால் அதில் வளர்ச்சிக் காரணிகள் இருப்பதால் பரிசோதனையைப் பாதிக்கலாம், எடுத்துக்கொள்ளாமல் இருப்பதே நல்லது என்கிறது. மாவட்ட அணிக்கும் மாநில அணிக்கும் ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களின் பெற்றோர் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் சட்டத்தையும் பாருங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிகளில் பால் என்றால் என்ன என்று ஒரு வரையறை இருக்கிறது. அந்த வரையறையிலேயே, பாலில் சீம்பால் கலந்திருக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். சீம்பால் கெட்டது என்பதால் அல்ல; அது வேறு பொருள், வேறு வேலைக்கானது என்பதால்.

வேலை முடிந்து மிஞ்சிய சீம்பாலை இனிப்பாகச் செய்து சாப்பிடுங்கள். தாராளமாகச் சாப்பிடுங்கள். நல்ல புரதம், நல்ல ருசி. கன்று குடித்த பிறகு சாப்பிடுங்கள். வேகவைத்துச் சாப்பிடுங்கள், பச்சைப் பால் வழியாக மாட்டிடமிருந்து நோய்கள் பரவலாம். வெந்த சீம்பாலில் எதிர்ப்புப் புரதம் வேலை செய்யாது. அதனால் என்ன? அதைப் பண்டமாகச் சாப்பிடுங்கள், மருந்தாக நினைக்காதீர்கள்.

இப்போது தாய்மார்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டும். ஏனென்றால் ஒரு சீம்பால் உண்டு, அதற்கு ஈடாக எந்த டப்பாவும் இல்லை. அது தாயின் சீம்பால்.

மனிதக் குழந்தை கன்றைப் போல வெறுங்கையோடு வருவதில்லை. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாயின் எதிர்ப்புப் புரதம் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் குழந்தையின் குடலும் மூச்சுக்குழாயும் புதியவை. அவற்றின் உட்பூச்சில் படிந்து கிருமியை ஒட்டவிடாமல் தடுப்பது தாயின் சீம்பாலில் இருக்கும் வேறு வகை எதிர்ப்புப் புரதம். கூடவே உயிருள்ள வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. கிருமிக்கு வேண்டிய இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் லாக்டோஃபெரின் இருக்கிறது. முதல் நாளில் சில ஸ்பூன் அளவுதான் சுரக்கும். குழந்தையின் வயிறும் அந்த அளவுதான். ‘பால் இல்லையே, பால் வரலையே’ என்று பாட்டிகள் பதறுவது அந்தச் சில ஸ்பூனைப் பார்த்துத்தான். அது போதும், அம்மா, அதுவே போதும்!

ஆனால் நாம் என்ன செய்தோம்? மஞ்சளாக இருக்கிறது, கெட்டியாக இருக்கிறது, குழந்தைக்கு ஆகாது என்று சொல்லி அதைப் பீய்ச்சிக் கீழே கொட்டினோம். சேனை வைக்கிறோம் என்று சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைத்தோம். தேனைத் தடவினோம். கழுதைப் பால் தேடி அலைந்தோம். இன்றைக்கும் சில வீடுகளில் இது நடக்கிறது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுப்பது உயிருக்கே ஆபத்தாக முடியலாம் என்று மருத்துவம் சொல்கிறது.

உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது ஒரே வரி: பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும். இந்தியாவில் 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், அந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்தது நூற்றுக்குச் சுமார் 42 குழந்தைகளுக்குத்தான். பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகள் அந்த முதல் மணியை இழந்தார்கள். மும்பை சயான் மருத்துவமனையில் 1989-இல் தாய்ப்பால் வங்கி தொடங்கினார்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்குத் தாய்ப்பால் மருந்துக்கு நிகர் என்பதால் தொடங்கினார்கள். தமிழ்நாட்டிலும் அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கிகள் வந்தன. 2015-இல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறந்தார்கள்.

எவ்வளவு விசித்திரம் பாருங்கள்! காசில்லாமல், சரியான ஆளுக்கு, சரியான நேரத்தில் கிடைக்கும் சீம்பாலைக் கொட்டிவிடுகிறோம். பிறகு மாட்டின் சீம்பாலைப் பொடியாக்கி, தவறான ஆளுக்கு, தவறான வயதில், காசு கொடுத்து வாங்குகிறோம். இது நியாயமா?

அடுத்தது கொலாஜன்.

கொலாஜன் என்பது நம் தோலில், எலும்பில், தசைநாணில், குருத்தெலும்பில், ரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கும் புரதம். உடம்பின் மொத்தப் புரதத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை கொலாஜன்தான். ஆட்டுக்கால் பாயாவை இரவு மிச்சம் வைத்தால் காலையில் ஆடிக்கொண்டு நிற்கிறதே, அது கொதித்துக் கரைந்த கொலாஜன்.

இந்தக் கொலாஜனைப் பற்றிப் பேச சென்னைக்காரர்களுக்கு ஒரு தனி உரிமை உண்டு. அதன் உருவத்தை உலகத்துக்கு முதலில் காட்டியது இந்த நகரம். 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார் ஜி.என். ராமச்சந்திரன். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. அந்த ஆண்டு சென்னைக்கு வந்த பெர்னால் என்ற, அயர்லாந்தில் பிறந்த விஞ்ஞானி, கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று அவரிடம் சொன்னார். ராமச்சந்திரன் அந்தப் புதிரைக் கையில் எடுத்தார். மாதிரிகளுக்கு அடையாற்றில் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. கங்காரு வாலின் தசைநாண்வரை வரவழைத்து எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார்கள். 1954-இல் அவரும் கோபிநாத் கர்தாவும் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள்: கொலாஜன் மூன்று இழைகள் சேர்ந்து முறுக்கிய வடிவம். மறு ஆண்டே அந்த வடிவத்தை மேலும் திருத்தினார்கள். வெளிநாட்டில் எதிர்ப்பு வந்தது, விவாதம் நடந்தது. முப்புரி நிலைத்தது. இன்றைக்கும் அடையாறு தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அரங்கத்துக்கு ‘டிரிபிள் ஹீலிக்ஸ்’ என்றுதான் பெயர். முப்புரியின் பெயர்!

அந்த முப்புரியை விலை கொடுத்து வாங்கி விழுங்கினால் அது நம் தோலிலும் மூட்டிலும் போய் உட்காருமா?

பாடியில் இருப்பவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஓடி முடித்த பழைய சக்கரத்தை உலையில் போட்டால் அது உலோகமாக உருகிவிடும். அந்த உலோகத்தை வைத்துச் சக்கரமும் வார்க்கலாம், போல்ட்டும் வார்க்கலாம்; முடிவு செய்வது தொழிற்சாலை. பழைய சக்கரம் சக்கரமாகவே திரும்பி வர வேண்டும் என்று உலைக்கு உத்தரவு போட முடியாது. கொலாஜனும் வயிற்றில் அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவும் உடைகிறது. எதை எங்கே கட்டுவது என்று உடம்புதான் முடிவு செய்கிறது.

அந்தச் சிறு துண்டுகள் ரத்தத்தில் ஏறுவது உண்மை. தோலின் ஈரத்தன்மைக்கும் மூட்டு வலிக்கும் ஓரளவு பயன் தெரிகிறது என்று சொல்லும் ஆய்வுகளும் உண்மை. அவற்றில் பல, பொடி தயாரிக்கும் நிறுவனங்களின் பணத்தில் நடந்தவை என்பதும் உண்மை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் மூட்டுக்கு நல்லது என்ற வாசகத்துக்குப் போதிய சான்று இல்லை என்று 2011-இலேயே சொல்லிவிட்டது. சரி, மூட்டை விடுங்கள். எதிர்ப்பு சக்திக்கு என்ன சாட்சி? கொலாஜன் பொடி சாப்பிட்டவர்களுக்குச் சளியும் காய்ச்சலும் குறைந்தன என்று நிறுவிக் காட்டிய நம்பகமான பெரிய ஆய்வு இல்லை.

வேடிக்கை என்னவென்றால், கொலாஜனையும் எதிர்ப்பு மண்டலத்தையும் இணைத்துப் பேசிய புகழ்பெற்ற ஆய்வு நேர் எதிரானது. 1993-இல் பாஸ்டன் மருத்துவர்கள் முடக்குவாத நோயாளிகளுக்குக் கோழிக் குருத்தெலும்பின் கொலாஜனை மிகச் சிறிய அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். எதற்கு? எதிர்ப்பு சக்தியைக் கூட்டவா? இல்லை, அடக்க! முடக்குவாதத்தில் நம் எதிர்ப்பு மண்டலமே நம் மூட்டைத் தாக்குகிறது. அந்தத் தாக்குதலைத் தணிக்க முடியுமா என்று பார்த்தார்கள். ஆரம்பத்தில் நம்பிக்கை தந்தது. பின்னால் நடந்த ஆய்வுகள் ஒன்றுபோலச் சொல்லவில்லை.

இதிலிருந்து ஒரு பெரிய பாடம் கிடைக்கிறது. எதிர்ப்பு சக்தி கூடக் கூட நல்லது என்பதே தவறு. அது மிஞ்சினால் ஒவ்வாமை வரும். தன் உடம்பையே எதிரியாக நினைத்தால் முடக்குவாதம் வரும், லூபஸ் வரும். நமக்கு வேண்டியது அளவறிந்து, ஆளறிந்து போராடும் எதிர்ப்பு. அதை எந்த ஸ்பூனாலும் அளக்க முடியாது.

நம் உடம்பு கொலாஜனைத் தானே தயாரிக்கும். அதற்கு இரண்டு வேண்டும்: புரதமும் விட்டமின் சியும். விட்டமின் சி இல்லாவிட்டால் முப்புரி உறுதியாக நிற்காது. ஈறு கசியும், புண் ஆறாது. அந்தக் காலத்து மாலுமிகள் ஸ்கர்வி நோயில் செத்தது இதனால்தான். ஒரு நாளைக்கு ஆணுக்கு 80 மில்லிகிராமும் பெண்ணுக்கு 65 மில்லிகிராமும் போதும் என்று 2020-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வகுத்திருக்கிறது. 100 கிராம் நெல்லிக்காயில் சுமார் 250 மில்லிகிராம் இருக்கிறது. 100 கிராம் கொய்யாவில் 200-ஐத் தாண்டும். ஒரு நெல்லிக்காய், அல்லது ஒரு கொய்யா. முடிந்தது கணக்கு!

புரதத்துக்கும் அதே கழகம் கணக்குச் சொல்கிறது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம். 60 கிலோ எடை இருப்பவருக்கு 50 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். 100 கிராம் பருப்பில் 20 கிராமுக்கு மேல். கொலாஜன் பொடியும் புரதம்தானே என்றால், ஆமாம், ஆனால் முழுமையில்லாத புரதம். டிரிப்டோஃபேன் என்ற அத்தியாவசிய அமினோ அமிலம் அதில் கிடையாது. முட்டையில் உண்டு, பாலில் உண்டு, பருப்பில் உண்டு.

மூன்றாவது கேள்விக்கு வந்துவிட்டோம். என்ன சாட்சி?

சாட்சி என்றால் என்ன என்பதை உலகத்துக்குக் காட்டிய ஊர் இதே சாலையில் இருக்கிறது. வெளியே ஓடும் எம்.டி.எச். சாலையில் அப்படியே மேற்கே போங்கள். அம்பத்தூர், ஆவடி தாண்டித் திருவள்ளூர் வரும். 1968-இல், பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் அந்தத் திருவள்ளூர்ப் பகுதியில், காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசியைச் சோதிக்கும் உலகின் மிகப் பெரிய ஆய்வு தொடங்கியது. ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். சிலருக்கு மருந்துள்ள ஊசி, சிலருக்கு மருந்தில்லாத ஊசி. யாருக்கு எது என்று போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார்கள்.

விடை என்ன? பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை. எல்லோரும் நம்பியிருந்த ஊசி! மறைத்தார்களா? இல்லை. உலகமே பார்க்கும்படி அச்சிட்டார்கள். பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்த முடிவையும் வெளியிட்டார்கள். பச்சிளம் குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து அதே ஊசி காக்கிறது. ஆகவே அவர்களுக்கு இன்றும் போடுகிறோம். மறுபடியும் அதே கேள்விகள்தான். யாருக்கு? எப்போது? என்ன சாட்சி?

நம் பக்கத்துக் கிராமத்து மக்கள் கையை நீட்டிக் கொடுத்த சாட்சி அது. ஒரு தடுப்பூசிக்கே இவ்வளவு கடுமையான சோதனை வைத்த மண்ணில், டப்பா மேல் ஒரு படமும் ஒரு வாசகமும் இருந்தால் போதும் என்று நாம் நம்பலாமா?

சரி, உணவால் எதிர்ப்பு சக்தி கூடுமா கூடாதா? கூடும்! அதற்கும் சாட்சி இருக்கிறது. 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டில் ஓர் ஆய்வு நடந்தது. சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தினரும் அதில் பங்கேற்றார்கள். காசநோயாளி இருக்கும் வீடுகளில் மற்றவர்களுக்கு நோய் தொற்றும் அபாயம் அதிகம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அப்படிப்பட்ட குடும்பத்தினரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவில் நோயாளிக்கு மட்டும் உணவுப்பொருள். இன்னொரு பிரிவில் வீட்டில் இருக்கும் எல்லோருக்கும். பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, கூடவே சத்து மாத்திரை. முடிவு 2023-இல் வெளிவந்தது. எல்லோரும் சாப்பிட்ட வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. சளியில் கிருமி உறுதியான நோய் 48 சதவீதம் குறைந்தது.

அரிசியும் பருப்பும், நண்பர்களே! நம் ரேஷன் கடையில் நின்று வாங்கும் அரிசியும் பருப்பும்! பசித்திருந்த உடம்புக்கு அவை போனபோது எதிர்ப்பு சக்தி உண்மையிலேயே எழுந்து நின்றது.

இன்னும் பக்கத்தில் வருகிறேன். அயப்பாக்கத்தில் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கிறது. இங்கிருந்து எத்தனை தூரம்? அவர்களோடு சேர்ந்து தமிழ்நாடு அரசு 2022-இல் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ தொடங்கியது. காசநோய் என்று தெரிந்தவுடன் நோயாளியின் எடை பார், உயரம் பார், மூச்சு பார், தாங்கலின்றி நிற்க முடிகிறதா பார். மிக மெலிந்தவரை உடனே மருத்துவமனையில் சேர், ஊட்டம் கொடு. இதுதான் திட்டம். மெலிந்த உடம்பு மருந்து இருந்தும் தோற்றுப்போகிறது என்பதை அறிந்தவர்கள் வகுத்த திட்டம்.

தூக்கத்துக்கும் சாட்சி உண்டு. இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள் இதைக் கேளுங்கள். அமெரிக்காவில் 164 பேர் தாமாக முன்வந்து சளிக் கிருமியை மூக்கில் விட்டுக்கொண்டார்கள். ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்குபவர்களைவிட, ஆறு மணி நேரத்துக்குக் கீழ் தூங்குபவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் அதிகமாக இருந்தது. 2015-இல் வந்த முடிவு இது. பகலில் தூங்கும் தொழிலாளியின் வீட்டில் டிவி சத்தத்தைக் குறைப்பதே அந்த வீட்டுக்கு ஓர் எதிர்ப்பு சக்தி!

‘இவ்வளவு சொல்லியும் வாங்கத்தான் போகிறேன்’ என்பவர்களுக்குச் சில வார்த்தைகள். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். ‘மருந்தாகப் பயன்படுத்துவதற்கல்ல’ என்று அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. முன்பக்கம் எவ்வளவு பெரிய எழுத்தில் என்ன சொன்னாலும், பின்பக்கம் இந்தச் சிறிய எழுத்து இருக்கும். அதுதான் அந்த டப்பாவின் வாக்குமூலம். சைவம் சாப்பிடுபவர்கள் அசைவத்தைக் காட்டும் பழுப்பு முக்கோணம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். செடியில் கொலாஜன் கிடையாது. பச்சைப் புள்ளி போட்டு விற்கும் ‘சைவக் கொலாஜன்’ என்பது பெரும்பாலும் விட்டமின் சியும் வேறு சில சத்துகளும் கலந்த பொடிதான். பால் ஒவ்வாமை இருப்பவர்கள் சீம்பால் பொடியைத் தொடாதீர்கள். மீன் ஒவ்வாமை இருப்பவர்கள் கொலாஜன் எதிலிருந்து வந்தது என்று பார்க்காமல் வாங்காதீர்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள், கர்ப்பிணிகள், முடக்குவாதத்துக்கு மருந்து சாப்பிடுபவர்கள், மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எந்தப் பொடியையும் தொடங்காதீர்கள். எந்தப் பொடிக்காகவும் மருந்தை நிறுத்தாதீர்கள்.

தாய்மார்களே, தோழர்களே, முடிவாகச் சொல்கிறேன். சீம்பால் பொடியும் கொலாஜன் பொடியும் விஷமல்ல. ஆனால் எதிர்ப்பு சக்திக்காக அவற்றை வாங்குவது, சாட்சியில்லாத வழக்குக்கு வக்கீல் கட்டணம் கட்டுவது. அந்தப் பணத்தில் முட்டை வாங்குங்கள், பருப்பு வாங்குங்கள், கொய்யா வாங்குங்கள். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை எடுத்து விடுபட்டது இருக்கிறதா என்று பாருங்கள். அரசு சுகாதார நிலையத்தில் அது இலவசம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருப்பவர் வீட்டில் இருந்தால் சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள், அதுவும் இலவசம். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு குழந்தை பிறந்தால், சர்க்கரைத் தண்ணீரோடு வருகிறவரைத் தடுத்து நிறுத்தி, முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாயின் மார்பில் குழந்தையைப் போடச் சொல்லுங்கள். இந்த ஊரில் இனிப் பிறக்கும் ஒரு குழந்தைக்குக்கூட அந்த முதல் பால் தவறக் கூடாது. இதை இந்தக் கூட்டத்தின் தீர்மானமாகவே எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.